இரண்டு பெயரும் ஒரே பக்கத்தில்

ஓசூரில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, மற்றவர்களை முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவது. யாராவது போனை எடுத்து ‘ஓசூர் லேடீஸ் ஹாஸ்டல்’ என்றோ ‘சூளகிரி தக்காளி மண்டி’ என்றோ தேடினால், எங்களிடம் வேலை கொடுத்தவரின் இணையதளம் மேலே வர வேண்டும். கீழே போய்விட்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். இரண்டாம் பக்கத்தைத் திறந்து பார்க்கிற பொறுமை இங்கே யாருக்கும் கிடையாது. ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஊர் இது.

ஊரையெல்லாம் மேலே ஏற்றிக்கொண்டிருந்த நான், என்னை மட்டும் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் இருந்தது.

எனக்கு இரண்டு பெயர். அஞ்செட்டிக்கும் உள்ளே, காட்டை ஒட்டின எங்கள் ஊர்ப் பக்கம் இது சாதாரணம். பிறந்தவுடன் குலசாமி பெயரை வைத்துவிடுவார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது அந்தப் பெயர் டீச்சருக்குப் பிடிக்காது. தனக்குப் பிடித்த ஒன்றை எழுதிக்கொள்வார். அந்தப் பள்ளிக்கூடப் பெயர் மார்க் ஷீட்டோடு நின்றுவிடும், வீட்டுக்குள் வராது. அப்பா என்னை அந்தப் பெயரால் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. அப்படி ஒரு பெயர் எனக்கு இருப்பதே அவர் நினைவில் இருந்திருக்காது. ராகி, மாடு, காட்டுப்பன்றி என்று அவருக்கு ஆயிரம் கவலை.

கல்லூரி முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை அம்மாவின் தம்பி, என் சொந்தத் தாய்மாமன். முறை, உரிமை, வெளியே கொடுத்தால் அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போய்விடும் என்று காரணங்கள் அடுக்கினார்கள். மாமா கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தக்காளி ஏற்றுகிற வண்டி வைத்திருந்தார், குடிக்கமாட்டார், சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் தேர் காட்டியவர். தோளில் தூக்கியவரோடு ஒரே பாயில் படுக்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்குக் குமட்டியது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அழுதேன், சோறு தின்னாமல் கிடந்தேன். தாலி ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். ஒருநாள் காலையில் சர்டிபிகேட் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அப்பா எங்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டதற்கு வீட்டுப் பெயரைச் சொன்னார். அவருக்குத் தெரிந்தது அதுதான். கிருஷ்ணகிரியிலிருந்து நடக்கும் ஒரு சின்னச் செய்தித் தளம் அதை நாலு வரியில் போட்டது. அஞ்செட்டி அருகே இளம்பெண் மாயம். வீட்டுப் பெயர், அப்பா பெயர், ஊர். படம்கூட இல்லை.

ஆக, காணாமல் போனது ஒருத்தி, ஓசூரில் வேலை பார்த்தது இன்னொருத்தி. தேடுபொறிக்கு மூளை கிடையாது. இரண்டும் ஒரே ஆள் என்று யாராவது ஒரு பக்கத்தில் சேர்த்து எழுதிக் காட்டினால்தான் அதற்குப் புரியும். புரிந்துவிட்டால் விடாது. எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கு அடியிலும் எழுதியவர் பெயர் போட வேண்டும் என்பது சாரின் சட்டம். ஆள் யார் என்று தெரியாமல் எழுதினதைத் தேடல் நம்பாது என்பார். அதனால் என் பள்ளிக்கூடப் பெயர் அலுவலக முகவரியோடு கண்ட இடத்திலெல்லாம் கிடந்தது. இரண்டு பெயரும் ஒரே பக்கத்தில் வந்தால், மாமா வண்டியை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வாசலில் வந்து நிற்கலாம். எனக்கு இருந்த பயம் இவ்வளவுதான். ஆனால் அது என்னோடு சாப்பிட்டது, என்னோடு தூங்கியது.

அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர். சார் திருநெல்வேலிக்காரர். எனக்கு மூத்தவராக ஒரு அக்கா இருந்தார். அவர் அத்திப்பள்ளியிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருவார். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும் ஒன்றாக வரும்.

ஒருநாள் சார் சந்தோஷமாக உள்ளே வந்து புது வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். எந்தத் தளம் என்று கேட்டேன். அதே கிருஷ்ணகிரிச் செய்தித் தளம்.

சார் வகுத்த வழி எளிது. ஊருக்கு ஒரு பக்கம். சாமல்பட்டிக்கு ரயில் நேரமும் விவசாயச் செய்தியும், குருபரப்பள்ளிக்கு நெடுஞ்சாலை விபத்தும் புதுக் கடைகளும். இப்படி ஒவ்வொரு ஊர்க்காரரும் தன் ஊர்ப் பெயரைத் தேடும்போது இந்தத் தளமே மேலே நிற்க வேண்டும். அஞ்செட்டியை என்னிடம் கொடுத்தார். என் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்று நான் முன்பு சொல்லிவைத்திருந்தேன், அதனால் அந்த வட்டாரம் எனக்குத் தெரியுமாம்.

ஒரு ஊரை எழுதத் தொடங்குமுன் நாங்கள் செய்கிற முதல் காரியம், தேடல் பெட்டியில் அந்த ஊரின் பெயரை மட்டும் அடித்துவிட்டு நிறுத்துவது. ஜனங்கள் அதோடு சேர்த்து எதைத் தேடுகிறார்கள் என்று அதுவே கீழே காட்டும். நான் அடித்தேன். அஞ்செட்டி பஸ் டைம் என்று வந்தது. அஞ்செட்டி யானை என்று வந்தது. மூன்றாவதாக வந்தது அஞ்செட்டி இளம்பெண் மாயம்.

நான் அவசரமாக அந்தப் பக்கத்தை மூடினேன், ஏதோ ஆபாசமானதைப் பார்த்துவிட்ட மாதிரி. பிரயோஜனம் இல்லை. சாரும் அதைப் பார்த்திருந்தார். பழைய அந்த நாலு வரிச் செய்திதான் அந்த ஊருக்காக அதிகம் பேரைத் தளத்துக்குள் இழுத்து வருகிறதாம்.

“அந்தப் பிள்ள என்னாச்சுன்னு சனங்க தேடுதாவ” என்றார். “நாலு வரிய நாப்பது வரியாக்கி மேல ஏத்திருங்கம்மா.”

சரி சார் என்றேன். என்னையே முதல் பக்கத்துக்கு ஏற்றுகிற வேலை, அதுவும் என் கையாலேயே.

நான் யானையை எழுதினேன். யானை எந்த மாதம் எந்தப் பக்கம் இறங்கும், ராகிக் கதிரை எப்படித் தின்னும், பட்டாசுக்கு ஏன் இப்போதெல்லாம் பயப்படுவதில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினேன். யானைக்கு நல்ல கூட்டம் வந்தது. அந்த மூன்றாவது விஷயத்தைத் தொடாமலே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். சார் தினமும் கேட்டார். தகவல் கிடைக்கவில்லை, போலீஸில் பேச வேண்டும், நெட் சரியில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கடைசியில் அவர் முகம் சுளித்துக்கொண்டே அந்தச் செய்தியை அக்காவிடம் மாற்றிவிட்டார்.

இதற்கு நடுவில் இன்னொன்று என்னைத் தின்றுகொண்டிருந்தது. அந்தத் தளத்தின் மேலேயே ஒரு தேடல் பெட்டி உண்டு, பக்கத்தில் ஒரு மைக் படம். எழுதத் தெரியாதவர்கள் அதை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். யார் என்ன தேடினார்கள் என்ற பட்டியல் எங்களுக்கு உள்பக்கம் தெரியும். ஆள் யார் என்று தெரியாது. அந்தப் பட்டியலில் என் வீட்டுப் பெயர் வந்தது. பொழுது சாயும் நேரத்தில், அனேகமாக தினமும். கட்டம் ஒடுக்கமானது என்பதால் முதல் வார்த்தை மட்டும் தெரியும், மீதி வெட்டுப்பட்டிருக்கும். அந்த முதல் வார்த்தையே எனக்குப் போதும். மாமா தேடுகிறார், விடவில்லை, நெருங்கிக்கொண்டே இருக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஹாஸ்டலுக்குப் போகும்போது தக்காளி வண்டி ஏதாவது தெரிந்தால் கடைக்குள் நுழைந்துகொள்வேன். ஓசூரில் தக்காளி வண்டிக்குப் பயந்தால் தெருவில் நடக்கவே முடியாது.

செய்திகளுக்குக் கீழே வாசகர் எழுதுகிற கருத்துகளை அக்காதான் மத்தியானத்தில் பார்த்து அனுமதிப்பார். நான் பக்கத்து நாற்காலி. அன்றைக்குச் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக வாசித்து, சிரித்து, அமுக்கிக்கொண்டிருந்தவர் ஒன்றில் நின்றுவிட்டார்.

அந்த இளம்பெண் மாயம் செய்திக்குக் கீழே, என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி எழுதியது. நல்ல மனசோடுதான் எழுதியிருந்தாள். இவள் எங்கள் வகுப்புதான், கெட்டிக்காரி, வீட்டில்தான் இந்தப் பெயர், ஸ்கூலில் இவள் பெயர் வேறு என்று சொல்லி அந்தப் பெயரையும் இனிஷியலோடு போட்டிருந்தாள். தயவுசெய்து அந்தப் பெயரிலும் தேடுங்கள் என்று முடித்திருந்தாள்.

அக்காவின் விரல் அனுமதி பட்டன்மேல் இருந்தது. அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இது நீயா?” என்றார்.

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. டிபன் பாக்ஸை மூடிவிட்டு, சார் உள்ளே இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து அந்தக் கருத்தை அழித்தார்.

“இன்னிக்கு நான் அழிச்சிட்டேன். நாளைக்கு இந்தப் பொண்ணு வேற எங்கனா எழுதுவா. மேல ஏத்தறதுதான் நம்ம தொழிலு, மறைக்கறது இல்ல. உனக்குத் தெரியாதா?”

தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை பயம். மாமா தினமும் தேடுகிறார் அக்கா என்று அந்தப் பட்டியலைத் திறந்து காட்டினேன். அவர் கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலமாக்கினார். இத்தனை நாளும் நான் செய்யாதது அந்த ஒன்றைத்தான். முழு வரிகளும் தெரிந்தன. என் வீட்டுப் பெயர், அதன் பிறகு, சாப்ட்டுச்சா. அடுத்த நாள், அதே பெயர், மழ பேஞ்சுதே நனைஞ்சுச்சா. இன்னொரு நாள், அதே பெயர், போத்திக்க எதுனா இருக்குதா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தளம் கொடுத்த பதில் இருந்தது: உங்கள் தேடலுக்கு முடிவுகள் எதுவும் இல்லை.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மாதான். வேறு யார் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள்? அம்மாமேல் அத்தனை கோபம் இருந்தது. அது எங்கே போனதென்று தெரியவில்லை. அக்கா என் முதுகைத் தட்டிக்கொண்டு, அளபேட, அளபேட, அழாதே என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அழுது முடித்த பிறகு பயம் பயமாகவே இருந்தது. அம்மாவின் ஏக்கமும் மாமாவின் உரிமையும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தன. இனி ஒளிந்தே இருக்க முடியாது, ஆகவே நாமாகவே போய்ச் சொல்லிவிடுவது என்று இருவரும் முடிவு செய்தோம். மறுநாள் காலையில் அக்கா என்னோடு மகளிர் காவல் நிலையத்துக்கு வந்தார். நான் மேஜர், என் விருப்பத்தில் வந்தேன், வேலை பார்க்கிறேன், கல்யாணத்தில் எனக்கு இஷ்டம் இல்லை என்று எழுதிக்கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் அம்மா படித்துவிட்டு, புகார் கொடுத்தவரை வரவழைத்துத்தான் முடிக்க முடியும் என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை. எழுதிக்கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். அக்கா டீ வாங்கி வந்தார், குடிக்க முடியவில்லை. மாமா கத்துவார் என்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சுற்றிலும் போலீஸ். அப்பா கூப்பிட்டால் என்ன செய்வேன் என்பதுதான் என்னை ஆட்டியது. அந்த மனுஷன் எதிரே நின்று ஒரு தடவை வா என்றால், இத்தனை காலம் ஒளிந்ததெல்லாம் ஒன்றுமில்லாமல், நானே எழுந்து வண்டியில் ஏறிவிடுவேன் என்று தோன்றியது. எழுதிக்கொடுத்த தாளால் அதைத் தடுக்க முடியாது.

வெளியே வண்டி நின்ற சத்தம் கேட்டது. மாமா முன்னால் வந்தார், அப்பா பின்னால். அம்மாவைக் காணோம். அப்பா இளைத்திருந்தார். என்னைப் பார்த்தவர் சுவரோரம் நின்றுவிட்டார், கிட்டே வரவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா தாளில் இருந்த என் பள்ளிக்கூடப் பெயரைப் படித்தார். அப்பா பதறிப்போய், “அது எம் பொண்ணு பேரு இல்லீங்க” என்றார். பெயரை மாற்றிக்கொண்டு திரிகிறாள் என்று மாமா இடையில் பாய்ந்தார். இன்ஸ்பெக்டர் அம்மா என் மார்க் ஷீட்டை எடுத்து, பெயர், தந்தை பெயர், ஊர் என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார். தன் பெயர் வந்த இடத்தில் அப்பா நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாள் தவறான பெயரைச் சொல்லித் தேடியிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்கும்.

அப்புறம் எப்படித்தான் தேடினீர்கள் என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அந்தச் செய்தித் தளத்தைத் திறந்து, மைக் படத்தைக் காட்டினார்.

“இதுலதாங்க தெனமும் கேட்டேன். நூஸ் போட்டவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு. யாரும் ஒரு பதில் சொல்லல.”

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன். அப்பா என்னிடம் சாப்பிட்டாயா என்று நேரில் கேட்டதே கிடையாது. அம்மாவிடம் கேட்கச் சொல்வார். அந்த மனுஷன் முகம் தெரியாத ஒரு பெட்டியிடம் தினமும் கேட்டிருக்கிறார். பதில் வரும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார்.

“சாப்பிடறேம்பா” என்றேன். “தெனமும் நல்லா சாப்பிடறேன்.”

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார். மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. பேச்செல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், முறையாகக் கேட்டது, ஊருக்கே தெரியும், வண்டியில் ஏறு என்றார். யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று இன்ஸ்பெக்டர் அம்மா அவரை அடக்கினார். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இப்போது சொல்லாவிட்டால் இனிமேல் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

“மாமாவக் கட்டிக்க மாட்டேம்பா. நீ வான்னா என்னால மறுக்க முடியாது. அதால கூப்புடாத.”

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. மேஜைக்குப் போய், எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டு, இங்க் பேடில் கட்டை விரலை அழுத்தி, புகாரை முடித்துக்கொள்கிற தாளில் வைத்தார். மாமா நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஹாரனை அடித்தார். அப்பா போகவில்லை. ஹாரன் நின்றது, வண்டி போய்விட்டது.

அக்கா அலுவலகத்துக்குப் போய் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அன்றைக்கே அந்தப் பழைய செய்தியைத் தளத்துக்காரரிடம் பேசி எடுக்க வைத்தார் சார். மேலே ஏற்றச் சொன்னவரே எடுத்தும் விட்டார், யானை இருக்கட்டும் என்றாராம்.

நான் அப்பாவைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். எங்கள் பக்கத்துக்கு பஸ் குறைவு, வெகுநேரம் நின்றோம். எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். குளிரா என்று கேட்டார், கம்பளி வாங்கிவிட்டேன் என்றேன். பஸ் வந்து திரும்பி நின்றபோது, விரலில் இருந்த மையை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“ஊர்ல கேட்டா, பொண்ணு வரமாட்டேன்னுதுன்னு சொல்லமாட்டேன். நாந்தான் குடுக்க மாட்டேன்னுட்டேன்னு சொல்லிக்கறேன். உங்கம்மாகிட்டயும் அப்படித்தான். நீயும் மாத்திச் சொல்லிப்புடாத.”

மாமாவும் ஊரில் அதையே சொல்லிக்கொண்டார். பெண்ணே வேண்டாம் என்றுவிட்டாள் என்பதைவிட அப்பன் கொடுக்கவில்லை என்பது அவருக்கும் லேசாக இருந்திருக்கும். அம்மாவின் பிறந்த வீட்டோடு போக்குவரத்து நின்றுவிட்டது. அம்மா இப்போது என்னிடம் போனில் பேசுகிறாள். பேச்செல்லாம் அப்பாவைப் பற்றித்தான். கண்ணால் பார்த்துவிட்டும் கூட்டிவராத மனுஷன், கூடப்பிறந்தவன் உறவை அறுத்த மனுஷன் என்று திட்டித் தீர்ப்பாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது எனக்குக் கேட்கும், இருமுவார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டார். நானும் மாற்றிச் சொல்வதில்லை.